உடுப்பு காயாத நாள்

கிதியோனேயைக் குளிப்பாட்டும்போது அவனுடைய அக்கா அகானேசி அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. குளிக்கும் நேரம் மட்டுமல்ல, எந்த நேரமும் அவன் கட்டிலை நெருங்கக் கூடாது. ஹாப்பாய்த் தீவுகளில் இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. மீசை அரும்பும் வயதில் பையன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக் குடிசைக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் தூங்குவதில்லை. ஒருவரை மற்றவர் கேலி பேசுவதில்லை. கூடப்பிறந்தவளின் தலை உயர்ந்தது. அவள் முன்னால் ஆண்பிள்ளை தன் உடம்பைப் பற்றி வாய் திறக்க மாட்டான். நல்ல வழக்கம்தான். ஆனால் கை கால் விளங்குகிறவர்களுக்கென்று ஏற்பட்ட வழக்கம்.

கிதியோனேவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்கவில்லை. கடல் அட்டை எடுக்க ஆழத்தில் இறங்கியிருந்தவன், காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டதும் ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டான். அப்படி வரக் கூடாது; ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பை முடக்கிவிடும். அது எல்லாருக்கும் தெரியும்; மூச்சு முட்டுகிறவனுக்கு மட்டும் அந்த நேரத்தில் தெரியாது. படகிலிருந்து கயிற்றை இழுத்தவன் அவன் கூட்டாளி பெனி. இழுத்ததால்தான் உயிர் தங்கியது. இழுத்த வேகத்தில்தான் கால் போனது. இரண்டும் உண்மை. பெனி இரண்டாவதை மட்டும் நம்பினான். அதனால் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, கூப்பிடாமலே வந்து நண்பனைத் துடைத்துவிட்டான்.

அறை வாசலில் மரப்பட்டைத் துணி ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்கு வெளியே கூடத்துப் பாயில் அகானேசி உட்கார்ந்துகொள்வாள். இரவில் படுக்க மட்டும் சமையல் குடிசைக்குப் போய்விடுவாள். அவள் வாய் வேலை செய்யும். பெனியின் கை வேலை செய்யும்.

"பெனி, தண்ணி சூடு சரியா இருக்கா? முழங்கையை விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. என் முழங்கைக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான். எங்கம்மா தேங்காமட்டையால அடிச்சு அடிச்சுத் தோல் தடிச்சுப் போச்சு."

"இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம். குதிகால் பாயில படாம கெண்டைக்காலுக்குக் கீழ தலகாணி வெச்சியா?"

"வெச்சேன்."

"இடது பக்கம் திருப்பு. இழுக்காதே. உருட்டு. தரையில தேய்ச்சா மரவள்ளிக்கிழங்கே தோலுரியும், மனுசன் உரிய மாட்டானா?"

கிதியோனே மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டான். முன்பெல்லாம் கோயில் பாட்டுக் குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். அவன் பாடினால் பலகை அதிரும் என்பார்கள். இப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான் என்பதற்குக் கட்டில் கிறீச்சிடும் சத்தம்தான் அடையாளம்.

அகானேசிக்கு இந்த வேலை தெரியாததல்ல. ஐம்பதை நெருங்கும் வயதில், தலைநகருக்குப் போய், தன் மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முதியோரையும் படுக்கையில் கிடப்பவரையும் பராமரிக்கும் பயிற்சியை முடித்தவள். மகள் என்று அவளுக்கு யாருமில்லை. அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது கடந்துவிட்டது. இருவரையும் அடக்கம் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, இனி தனக்கென்று ஒரு தடவையாவது எங்காவது போக வேண்டும் என்று நினைத்தாள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிற்றூர் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நீல நிறத்தில் இரண்டு உடுப்பும் மார்பில் குத்திக்கொள்ளப் பெயர் வில்லையும் முன்கூட்டியே வந்து சேர்ந்தன. பெட்டியைக் கட்டிவைத்திருந்தாள். அந்த வாரத்தில்தான் தம்பியைப் படகில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

அவன் மனைவி அதற்கு முன்பே பிள்ளைகளோடு ஆக்லாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு மாதம் தள்ளிப் போடலாம் என்றாள் அகானேசி. பிறகு இன்னொரு மாதம். பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டதாகத் தகவல் வந்தது. அன்று அவள் அழவில்லை. சேம்புக்கிழங்கு தோண்டப் போனாள், தேவைக்கு மேல் தோண்டிவிட்டுத் திரும்பினாள். இரவு ஜெபத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். நன்றி சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிட்டாள். வழி கேட்டேன், நீர் வாசலில் பாறையைப் போட்டீர், இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமா என்பது அவள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

தவறு நடந்தது மழைக்காலத் தொடக்கத்தில்.

படுத்துக் கிடப்பவனுக்கு எங்கே புண் வரும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். முதுகுத்தண்டு முடியும் இடம். அகானேசி தினமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த இடத்தின் பெயரைத் தம்பி காதுபட அவளால் சொல்ல முடியவில்லை. "முதுகுப் பக்கம் ஏதாவது சிவந்திருக்கா?" என்று மேலோட்டமாகக் கேட்டாள். பெனிக்கும் அதே கட்டு. அவன் கண்ணால் பார்த்த இடத்தின் பெயரை அக்காளும் தம்பியும் ஒருசேரக் கேட்கும்படி சொல்வது, கோயிலில் எழுந்து நின்று கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். "கொஞ்சம் சிவப்புக்கா" என்றான். மறுவாரமும் "கொஞ்சம் சிவப்பு" என்றான். கிதியோனேவுக்கு அங்கே உணர்ச்சி இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

மூன்று பேரும் மரியாதை காத்தார்கள். படுக்கைப் புண்ணுக்கு மரியாதை தெரியாது.

ஒருநாள் காலை திரை காற்றில் விலகியபோது அவளுக்கு வாசனை அடித்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சியின்போது அந்த வாசனையை மோந்திருக்கிறாள். ஒருதரம் மோந்தால் போதும், மறக்காது. பெனியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல் குடிசைக்குப் பின்னால் போனாள்.

"இப்ப அவன் காதுல விழாது. சொல்லு. எவ்வளவு பெரிசு?"

பெனி தரையைப் பார்த்தான். பிறகு தன் முஷ்டியை மூடிக் காட்டினான்.

"ஆழம்?"

"உள்ள வெள்ளையா தெரியுதுக்கா."

"எலும்புடா அது. கொஞ்சம் சிவப்பா? இதுவாடா கொஞ்சம் சிவப்பு?"

"நீங்க முதுகுன்னுதானே கேட்டீங்க? முதுகு நல்லாத்தான் இருக்கு." ஆறடி உயரப் பெனி சின்னப்பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினான். "காத்தடிச்ச லாரி டியூப்பு ஒண்ணு கொண்டாந்து அடியில வெச்சேன். அமுங்காம இருக்கட்டும்னு."

"வளையம் வைக்கவே கூடாது. சுத்தி இருக்கிற ரத்தத்தையும் அது நிறுத்திடும். யாரைக் கேட்டு வெச்ச?"

"யாரைக் கேக்கறது? எந்த வார்த்தையைச் சொல்லிக் கேக்கறது?"

கேட்கத் தெரிந்தவள் அவள். கேட்காமல் விட்டவளும் அவள்தான்.

பக்கத்துத் தீவிலிருந்து மருத்துவ உதவியாளர் படகில் வந்து பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் படகு ஆட்டத்தில் புண் இன்னும் கிழியும், அங்கேயும் மருந்து வைத்துக் கட்டித் திருப்பித்தான் அனுப்புவார்கள் என்றார். இறந்த சதையைத் தானே வெட்டி எடுத்தார். இனி தினம் இரண்டு வேளை கழுவிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றார். "உங்களைவிட இது தெரிஞ்சவங்க இந்தத் தீவுல யாரும்மா இருக்காங்க?" என்று சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். கொடுத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, வேறெங்கோ பார்த்தார்.

முதலில் பெனியை வைத்தே செய்து பார்த்தாள். திரைக்கு வெளியே நின்று, "துணியை உள்ள வரைக்கும் விட்டு எடு" என்றாள். தொப்பென்று ஒரு சத்தம். பெனி மயங்கி விழுந்து தண்ணீர் வாளியையும் கவிழ்த்திருந்தான். சுறாவின் வயிற்றைக் கிழித்து ஈரலைக் கையால் எடுக்கிறவன். நண்பனின் எலும்பைப் பார்க்க முடியவில்லை.

அன்று மதியம் லேசியேலி அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவளுக்கு மேலே கடவுள் மட்டும்தான், அவரும் சில விஷயங்களில் அவளைக் கேட்டுத்தான் செய்வார் என்று ஊரில் பேச்சு. வீங்கிய காலை நீட்டிக் கூடத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, நீ உள்ள போகப் போறியாமே?"

"போகலேன்னா செத்துடுவான் அத்தை."

"சாவு எல்லார் வீட்டுலயும்தான் வருது. அக்காக்காரி தம்பி உடுப்பை அவுத்த வீடுன்னு ஒண்ணு இந்த ஊர்ல இருக்கா? உன் தலையைக் கொண்டுபோய் அவன் காலடியில வெக்கிறியே, அவன் அதுக்கப்புறம் பொழச்சு எழுந்து எவன் மூஞ்சியில முழிப்பான்?"

உள்ளேயிருந்து, பல வாரங்களுக்குப் பிறகு, கிதியோனேயின் குரல் வந்தது. அக்காளிடம் நேராகப் பேசவில்லை. பெனியிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னான். "பெனி, வெளியில இருக்கிறவங்ககிட்ட சொல்லிடு. அவங்க இந்தத் திரையைத் தாண்டினா, அன்னியோட நான் தண்ணி குடிக்கறதை நிறுத்திடுவேன். புண்ணோட போறது எனக்கு வெக்கமில்லை."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் அத்தை.

"காது இருக்கு அத்தை."

சொன்னால் செய்கிறவன்தான். அகானேசி சமையல் குடிசையில் போய் உட்கார்ந்தாள். பெட்டி அங்கேதான் இருந்தது, மழை ஒழுகாத மூலையில், கட்டிய கயிறு அவிழ்க்காமல். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியில் ஒரு டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வாள்: கதவைத் தட்டு, பெயரைச் சொல், என்ன செய்யப் போகிறாய் என்று சொல், அனுமதி கேள், நீ யார் வீட்டுப் பெண் என்பது படுத்திருப்பவருக்குத் தேவையில்லை. அன்றைக்கு அது வெள்ளைக்காரர்களின் சடங்கு என்று அவளுக்குச் சிரிப்பு வந்திருந்தது.

மறுநாள் காலை கொல்லைப்புறமாக வெளியே போனாள். தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். காலில் சப்பாத்து, முடியை இறுக்கிய வலை, முழங்கால்வரை நீல உடுப்பு. திறந்து கிடந்த கதவைத் தட்டினாள். திரைக்கு வெளியே நின்றாள்.

"காலை வணக்கம் ஐயா. உங்களைப் பாத்துக்க வந்திருக்கிற நர்ஸ் நான். புண்ணைக் கழுவி மருந்து வைக்கணும். உள்ள வரலாமா?"

பெனி வாயைத் திறந்தபடி நின்றான். கட்டில் கிறீச்சிடவில்லை. வெளியே யார் வீட்டுப் பன்றியோ உறுமிக்கொண்டு போனது.

கடைசியில், "பேரு என்ன?" என்றது குரல்.

அவள் குனிந்து பெயர் வில்லையைப் பார்த்தாள். ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி அச்சடித்திருந்தார்கள். "ஆக்னஸ், ஐயா."

"வெளியூரா?"

"வெளியூர்தான்."

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும் சரசரப்பு கேட்டது. போர்வைக்குள்ளிருந்து, "வாங்க" என்றான்.

அந்தப் புண்ணை விவரிக்க வேண்டியதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. அவள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கழுவினாள், கொதிக்கவைத்து உலர்த்திய துணியை உள்ளே வைத்தாள், கட்டினாள், பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். செய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தாள். "நன்றி ஐயா, சாயங்காலம் வரேன்" என்று வணங்கிவிட்டு முன்வாசல் வழியாகவே போனாள். சமையல் குடிசையில் உடுப்பைக் கழற்றி வெந்நீரில் போட்டாள். ஈரப்பலாக் காயைச் சுட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் திரைக்கு வெளியே வைத்துவிட்டு, பழையபடி பெனியைக் கூப்பிட்டாள்.

பல நாள் அவன் போர்வையை விலக்கவில்லை. பிறகு ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து பேச்சு வந்தது.

"நர்ஸம்மா, எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க."

"கேள்விப்பட்டேன் ஐயா."

"தங்கமானவங்க. சமைச்சா மட்டும் வாயில வைக்க முடியாது. அக்காவாச்சே, சொல்லவும் முடியாது."

"உப்பு ஜாஸ்தியா?"

"உப்பா? கடலுக்கு நடுவுல இருந்துக்கிட்டு உப்புக்குப் பஞ்சம் வெச்ச ஒரே பொம்பளை."

பெனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நர்ஸ் முகம் மாறாமல் கட்டை முடித்தாள். அன்று மாலை கீரையும் தேங்காய்ப்பாலும் சரியான உப்போடு வந்தன. மறுநாள் காலை கிதியோனே போர்வையைக் கழுத்துவரை இறக்கியிருந்தான். கண்ணை மட்டும் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டான்.

நாற்பது வருஷமாக ஒரே வளவுக்குள் வாழ்ந்தும் அகானேசிக்குத் தன் தம்பியைத் தெரியாது. அவன் வேடிக்கையாகப் பேசுவான் என்று தெரியாது. அவனுக்கு ஆழம் என்றால் எப்போதுமே பயம், ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மனதுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டுதான் இறங்குவான் என்று தெரியாது. மனைவி போனதற்கு அவள்மேல் மட்டும் தப்பில்லை என்று அவன் நினைப்பது தெரியாது. அக்காளுக்குச் சொல்லக் கூடாததையெல்லாம் அவன் நர்ஸுக்குச் சொன்னான்.

"எங்க அக்கா ஆஸ்திரேலியா போக இருந்தாங்க. என்னாலதான் போகலை. என்மேல கோவமா இருப்பாங்க."

"கேட்டீங்களா?"

"அக்காகிட்டயா? எப்படிக் கேக்கறது?"

"நான் வேணா கேட்டுச் சொல்றேன் ஐயா."

மறுநாள் கழுவும்போது சொன்னாள். "கேட்டேன். கோவம் இருந்துச்சாம். உங்க மேல பாதி, கடவுள் மேல பாதி."

அவன் சிரிக்கவில்லை. "இன்னும் இருக்கா?"

"அதுக்குப் பதில் சொல்லலை. யோசிச்சுச் சொல்றாங்களாம்."

அவள் யோசித்தாள்தான். கோபம் ஒரு நாளில் போகிற சரக்கல்ல. ஆனால் பாசிப்பயறு அளவுக்கு ஒரு மாற்றத்தை ஒரு காலை அவள் புண்ணின் ஓரத்தில் பார்த்தாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஈரமான சிவப்புச் சதை, சின்னச் சின்ன மணி மணியாக. புதுச் சதை. அது எப்படி வரும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள், ஏன் வரும் என்று படித்ததில்லை. மட்டமான சாப்பாடு, ஒழுகும் கூரை, உடைந்து கிடக்கும் மனிதன். அந்த உடம்பு யாரையும் கேட்காமல் உள்ளிருந்து தன்னைத் தானே நெய்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் கையைக் கூப்ப முடியவில்லை. "நன்றி" என்றாள், வாய்விட்டு.

"எதுக்கு நர்ஸம்மா?"

"உங்களுக்கில்லை ஐயா. நீங்க படுங்க."

அவளுக்குத் தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. அன்று முதல் ஜெபத்தில் விட்டுப்போன பகுதியைச் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவே.

விஷயம் தெரியாமலிருக்குமா? லேசியேலி அத்தை ஒருநாள் காலை சொல்லாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நீல உடுப்பு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. பெனி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். உள்ளே கட்டில் மூச்சுவிடவில்லை. அத்தை சப்பாத்திலிருந்து தலையில் கட்டிய வலைவரை நிதானமாகப் பார்த்தாள்.

"யாரு இது?"

"நர்ஸ்" என்றாள் அகானேசி.

அத்தையின் தாடை இரண்டு தடவை அசைந்தது. பிறகு பெனியைப் பார்த்துச் சீறினாள். "வெளியூர்லேருந்து வந்த பொண்ணை நிக்கவெச்சு வேலை வாங்கறீங்களே, வயித்துக்கு ஏதாவது குடுத்தீங்களா? இந்த வீட்டுப் பொம்பளை எங்க போனா? மரியாதை தெரியாதவ!" மறுபடியும் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "என் காலும் வீங்கியிருக்கு. வந்தது வந்துட்ட, ஒரு பார்வை பாத்துட்டுப் போ."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கும் சத்தம். அடங்கவில்லை.

புண் மூட இரண்டு கிழங்கு அறுவடை பிடித்தது. சிட்னியில் இருந்த ஒரு உறவு சக்கர நாற்காலி அனுப்பியது. பெனி அவனைத் தூக்கி அதில் வைத்து, ஊர் மரியாதைப்படி இடுப்பைச் சுற்றிப் பாயைக் கட்டிவிட்டு, கோயில்வரை மணலில் தள்ளிக்கொண்டு போனான். மணலில் சக்கரம் புதையும்போதெல்லாம் திட்டினான், கோயில் வாசலில் நிறுத்திவிட்டு வாயைக் கழுவிக்கொண்டான். அகானேசி பெண்கள் பக்கம், நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள், தொப்பி வைத்துக்கொண்டு, அக்காளாக. இரண்டாவது பாட்டின்போது பின்னாலிருந்து அந்த அடிக்குரல் எழுந்தது. பழைய பலம் இல்லை, நடுவில் மூச்சு வாங்கியது. பலகை அதிரவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அது முறையல்ல. தன் பங்கை உரக்கப் பாடினாள். பக்கத்தில் இருந்தவள் என்ன இப்படிக் கத்துகிறாள் என்று பார்த்தாள்.

அந்த மாதிரி ஞாயிறுகள் சில கிடைத்தன. அதிகம் இல்லை.

அவனைப்போல் சிறுநீர்க் குழாய் வைத்தவர்களை எடுத்துப்போவது பெரும்பாலும் சிறுநீரகம்தான். அவளுக்கு அது ஆரம்பத்திலேயே தெரியும். முதல் காய்ச்சலுக்கு மருந்து கேட்டது, இரண்டாவதற்கும் கேட்டது. அதற்கடுத்ததற்குக் கேட்கவில்லை. கடல் கொந்தளிப்பு, படகு வராது. வந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவன் கண்ணின் மஞ்சளைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பெனி, பாசி படிந்து அடைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடப் போயிருந்தான். விடாத மழை. கொடியில் போட்ட இரண்டு நீல உடுப்பும் சொட்டிக்கொண்டிருந்தன. அடுப்புக்கு மேலே கட்டிப் பார்த்தாள். விறகே ஈரம், புகை மட்டும்தான் வந்தது.

திரைக்கு வெளியே வந்து நின்றாள். வழக்கமான பாவாடை, இடுப்பில் பழைய பாய். குழாய் கசிந்து படுக்கை நனைந்திருக்கிறது என்பது வாசனையிலேயே தெரிந்தது.

"நர்ஸம்மா வரலையா?" என்றான் உள்ளேயிருந்து. குரல் காய்ந்திருந்தது.

"உடுப்பு காயலை."

கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது.

"மழை விடாது போலிருக்கே."

"விடாது."

அவன் யோசிப்பது அவளுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"அப்ப நீயே வா, அக்கா."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொல்லைக் குடிசைக்கு அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு, அக்காளாக அவள் அவனருகில் போவது அதுதான் முதல் தடவை. போர்வையால் அவன் முகத்தை மூடவில்லை. நேராகப் பார்த்தான். அவள் துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியிலிருந்து கால்வரை துடைத்தாள். என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவில்லை, அனுமதி கேட்கவில்லை. இருவரும் வேடிக்கை எதுவும் பேசவில்லை. அதெல்லாம் நர்ஸோடு.

காய்ந்த பாயை அடியில் விரித்துவிட்டு எழுந்தபோது அவன் சொன்னான். "நர்ஸ்கிட்ட ஒண்ணு கேட்டனுப்பினேன். ரொம்ப நாளாச்சு. பதிலே வரலை."

"கோவமில்லை" என்றாள்.

"யார் மேலயும்?"

"யார் மேலயும்."

அவன் தலையாட்டினான். "உப்பு இப்பல்லாம் சரியா இருக்கு" என்றான். அக்காளிடம் அவன் நேராகச் சொன்ன முதல் குறையோ புகழோ அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போய்விட்டான். பெனி கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்; அகானேசி தலைமாட்டில் இருந்தாள்.

அடக்கத்துக்கு ஊர் கறுப்பில் திரண்டது. உறவுமுறையில் கீழே உள்ளவர்கள், வழக்கப்படி, கிழிந்த பெரிய பாயைப் போர்த்திக்கொண்டு வெளியே அடுப்பைப் பார்த்தார்கள். கூடப்பிறந்தவள் உயர்ந்தவள், அவளை நயமான பாயில், தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். பாடினார்கள். அடிக்குரல் இல்லாமல் பாட்டு காலில்லாத மேஜைபோல் ஆடியது. பெனி அந்தக் குரலுக்கு முயற்சி பண்ணினான். பாவம், அது அவன் குரலல்ல.

எல்லாம் முடிந்து, சாவுச் சீராக வந்த பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் முறைப்படி பிரித்துக் கொடுக்கும்போது லேசியேலி அத்தை உட்கார்ந்து பெயர் சொன்னாள். போதகருக்கு, பாட்டுக் குழுவுக்கு, பெனிக்கு. அகானேசிக்கு உரியது அவள் முன்னால் வந்தது. குவியலில் மிஞ்சியிருந்ததில் மெல்லிய, நன்றாக முடைந்த தாழம்பாய் ஒன்றை அத்தை தன் கைத்தடியால் தொட்டுக் காட்டினாள்.

"அதைத் தனியா வை. அது அந்த வெளியூர் நர்ஸுக்கு."

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு கிழவர் இருமினார்.

"பாவம், எந்த ஊரோ. சாவுக்குக்கூட வர முடியலை போலிருக்கு" என்றாள் அத்தை. "யாரு கொண்டுபோய்க் குடுப்பா?"

"நான் குடுத்துடறேன் அத்தை" என்றாள் அகானேசி.